170 மணி நேரம் பறந்த பழைய மாணவர்

சங்க மலர் என்றால் நமது கல்லூரியின் மண்டபம், மைதானம், ஆசிரியர்கள் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை இன்னொரு பாடசாலையின் பழைய மாணவர் ஒருவரை நினைவுகூர ஆசிரியர் குழுவிடம் இடம் கேட்டேன். அவர் படித்த சென் போல்ஸ் பாடசாலை அந்தக் காலத்தில் லண்டன் ஹமர்ஸ்மித்தில் இருந்தது. நம் அங்கத்தவர்கள் பலர் நாளும் கடந்துபோகும் இடம் அது. பெயர் இந்திர லால் றோய். வீட்டில் செல்லமாக ‘லாடி’. 1898 டிசம்பர் 2இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை பாரிஸ்டர். தாய் லலிதா றோய், 1911இல் லண்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு நடந்தவர்.

முதலாம் உலகப்போரின் வான்போரில் பத்து விமானங்களை வீழ்த்திய இந்தியர் என்று இவரைப் பற்றி எழுதுவோர், பிறவியிலேயே துணிச்சல்காரர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1917 நவம்பரில் அவரிடம் இல்லாத ஒன்று 1918 ஜூலையில் இருந்தது. அது எப்படி வந்தது என்பதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் கண்பார்வை போதாது என்று, அன்றைய பிரித்தானிய இராணுவத்தின் விமானப் பிரிவான றோயல் பிளையிங் கோர் அவரைத் திருப்பி அனுப்பியது. தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபடி பரிசோதித்து, அந்த முடிவை மாற்றவைத்தார். 1917 ஏப்ரலில் சேர்ந்தார். ஜூலை 5இல் செகண்ட் லெப்டினன்ட். பிரான்சின் வாந்தோமில் பறப்புப் பயிற்சி, ஸ்கொட்லாந்தின் டேர்ன்பெரியில் துப்பாக்கிப் பயிற்சி. ஒக்டோபர் முடிவில் போர்முனையில், 56ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமான அணியில் நின்றார். அதிகாரியாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஸ்குவாட்ரனோ அன்றைய பிரித்தானியப் படையின் மிகச் சிறந்த விமானிகள் இருந்த இடம். ஒரு வாரத்தில், நவம்பர் 6இல், அவருடைய எஸ்.ஈ.5ஏ போர்விமானம் தரையில் மோதியது.

எஸ்.ஈ.5ஏ நல்ல விமானம். உறுதியானது, பாய்ச்சலில் சிறகு கழலாது, துப்பாக்கி சுட ஆடாமல் நிற்கும். அதன் நோய் எஞ்சினில் இருந்தது. 200 குதிரைவலு ஹிஸ்பானோ சுயிசாவில், எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரங்கள் உண்டு. சில தொழிற்சாலைகளில் அந்தச் சக்கரங்கள் சரியாகப் பதமேற்றப்படாமல் வந்தன. பல் உடைந்தால் பறப்பின் நடுவில் எஞ்சின் போய்விடும். பற்சக்கரம் இல்லாமல் நேரடியாகச் சுழற்றும் வூல்ஸ்லி வைப்பர் எஞ்சின் பரவலாக வந்த பிறகுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது. எழும்பும்போது எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி நேரே முன்னால் இறங்கவேண்டும். ஓடுதளத்துக்குத் திரும்ப ஆசைப்பட்டு வளைத்தால் வேகம் செத்து விமானம் சுழன்று விழும். புதிய விமானிகள் பலரைக் கொன்றது இந்த ஆசைதான்.

இறந்துவிட்டார் என்று றோயைப் பிணவறையில் போட்டார்கள், விழித்துக் கதவைத் தட்டினார் என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். அந்தக் கதைக்குக் கிடைக்கும் கவனம் அதற்குப் பிந்திய மாதங்களுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு மெய்யான வருத்தம். காயம் ஆறும் வரை விமானங்களைப் படமாக வரைந்தார். அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன. மேலிடம் அவரை மறுபடி பயிற்சிக்கு அனுப்பியது. பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதினார்கள். விடாமல் கேட்டு, 1918 ஜூன் 19இல் 40ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். அவரைத் தன் பிரிவில் ஏற்றவர் கப்டன் ஜோர்ஜ் மெக்கெல்ரோய். அயர்லாந்துக்காரர், அந்த ஸ்குவாட்ரனில் பேர்போன மிக் மானொக்கிடம் தொழில் பழகியவர். நல்ல ஆசிரியர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அடுத்த ஐந்து வாரமும் சாட்சி.

பழகவேண்டியவை கையால் செய்யும் காரியங்கள். எஸ்.ஈ.5ஏயில் இரண்டு துப்பாக்கிகள். விமானிக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு விக்கர்ஸ், 400 ரவை. அது புரொப்பெல்லர் வட்டத்தின் ஊடாகச் சுடும். அலகு குறுக்கே வராத கணத்தில் மட்டும் சுடவைப்பது, குழாயில் அடைத்த எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் கொன்ஸ்டன்டினெஸ்கோ பொறி. விமானி கைப்பிடியால் பம்ப் அடித்து அந்த அழுத்தத்தைக் காக்கவேண்டும். எண்ணெய் கசிந்தாலோ குழாயில் காற்றுக் குமிழி புகுந்தாலோ துப்பாக்கி பேசாது. நேரம் பிசகினால் தன் புரொப்பெல்லரையே துளைக்கும். மேற்சிறகின் மேல் ஒரு லூயிஸ், 97 ரவை கொண்ட வட்டத் தட்டோடு. தட்டு முடிந்தால், கட்டுப்பாட்டுத் தண்டை முழங்கால்களால் இறுக்கிக்கொண்டு, வளைந்த தண்டவாளத்தில் துப்பாக்கியைக் கீழே இழுத்து, வெறும் தட்டைக் கழற்றிப் புதியதை மாட்டவேண்டும். நூறு மைல் வேகக் காற்றில், தடித்த கையுறையோடு, 15,000 அடி குளிரில். அந்த உயரத்தில் துப்பாக்கி எண்ணெய் தடித்து, ரவை சிக்கும். ஆகையால் அக்கறையுள்ள விமானிகள் ரவைகளை ஒவ்வொன்றாகத் தாங்களே பார்த்து, வடிவம் பிசகியதை ஒதுக்கிவிட்டுத்தான் ஏறுவார்கள்.

றேடியேட்டர் கதவுகளும் விமானியின் பொறுப்பு. ஏறும்போது திறக்கவேண்டும், இல்லையேல் தண்ணீர் கொதிக்கும். பாயும்போது மூடவேண்டும், இல்லையேல் எஞ்சின் குளிர்ந்து, மேலே இழுக்கும் கணத்தில் இருமும். எதிரி வாலில் நிற்கும்போது இருமினால் அவ்வளவுதான்.

எதிரியிலும் வகை தெரியவேண்டும். றோய் வீழ்த்தியவற்றில் பாதி ஹன்னோவர் என்ற ஜெர்மன் இரட்டை இருக்கை விமானம். சிறியது, தூரத்தில் ஒற்றை இருக்கை போலத் தோன்றும். நம்பி மேலிருந்து பின்னால் போனால் பின்னிருக்கைத் துப்பாக்கி காத்திருக்கும். பின்னிருக்கைக்காரர் சுடும்போது வால் அதிகம் மறைக்காமல் இருக்கவே அதன் வாலை அகலம் குறைத்து இரண்டடுக்காகச் செய்திருந்தார்கள். அதற்கு மருந்து, வாலுக்குக் கீழே மறைந்து, நெருங்கி, மேல்நோக்கிச் சுடுவது.

ஜூலை 6 அதிகாலை வட பிரான்சின் ட்ரோக்கூர் அருகே முதல் ஹன்னோவர். 8ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று விமானங்கள். 13இல் இரண்டு, 15இல் இரண்டு ஃபொக்கர் டி.7 (ஜெர்மன் போர்விமானம்), 18இல் ஒன்று, 19இல் ஒன்று. மொத்தம் பத்து. பின்னர் அவருக்குக் கிடைத்த விருதின் குறிப்பு 13 நாளில் ஒன்பது என்கிறது. அதைப் பிழை என்று சிலர் திருத்துகிறார்கள். 6 முதல் 18 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 13 நாள், ஒன்பது விமானம். 19இன் வெற்றியைச் சேர்த்தால்தான் பத்து. பத்தில் ஐந்து அழிக்கப்பட்டவை, ஐந்து கட்டுப்பாடிழந்து வீழ்ந்தவை. இரண்டு வெற்றிகள் தோழர்களோடு பங்கிட்டவை. கட்டுப்பாடிழந்தது என்றால் சுழன்று இறங்கக் கண்டார்கள், மோதியதைக் காணவில்லை என்பது பொருள். இந்த வேறுபாட்டைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. அவர் பறந்ததே 170 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

ஜூலை 22, கார்வின் ஊருக்கு மேலே ஜெர்மன் 29ஆம் யாஸ்டாவின் (போர்விமான அணியின்) ஃபொக்கர் டி.7களோடு சண்டை. தடித்த சிறகுள்ள அந்த விமானம், மெல்லிய காற்றிலும் மூக்கை நிமிர்த்தி, விழாமல் தொங்கியபடி கீழிருந்து சுடக்கூடியது. றோயின் விமானம் தீப்பற்றி விழுந்தது. பலூன்களில் நின்று வேவு பார்த்தவர்களுக்குப் பரசூட் இருந்தது. பிரித்தானிய விமானிகளுக்கு இல்லை. எதிர்ப்பக்க விமானிகளுக்கு அந்தக் கோடையில் கிடைக்கத் தொடங்கியிருந்தது. இது மன்னிக்கமுடியாதது என்பதே என் எண்ணம். நான்கு நாளில், ஜூலை 26இல், மானொக் போனார். ஜூலை 31இல் மெக்கெல்ரோய். இருவரையும் வீழ்த்தியது தரையிலிருந்து வந்த சூடு.

டி.எஃப்.சி. (Distinguished Flying Cross) என்ற பிரித்தானிய வான்படை வீர விருது செப்டம்பரில் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். சுதந்திர இந்தியாவின் விமானப்படைக்கு 1954இல் தலைவரான முதல் இந்தியர் சுப்ரதோ முகர்ஜி அவருடைய உறவினர். 1998இல் இந்திய அஞ்சல்துறை தபால் தலை வெளியிட்டது.

பார்க்க விரும்புவோர்க்கு: கல்லறை இருப்பது கார்வினுக்கு அருகே எஸ்தவெல் கிராமத்தில், லென்ஸுக்கும் லில்லுக்கும் இடையே. கலேயில் இறங்கினால் காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பெரிய போர்க் கல்லறைத் தோட்டங்களில் தேடவேண்டாம். ஊர்ப் பொதுக் கல்லறையில், பிரெஞ்சுக் குடும்பங்களின் நடுவே இருக்கிறார். வங்காள எழுத்துள்ள கல்லைப் பாருங்கள். மாவீரரின் சமாதி, மரியாதை செய், தொடாதே என்று அதில் இருக்கிறது.