அம்மா நலமா என்று கேட்டவர்கள்

சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். திரைக் கலைஞர்கள் அங்கே சிகிச்சைக்கு வருவது புதிதல்ல. ஆனால் முன்னணிக் கதாநாயகர்களுக்காக வாசலில் கூடிய கூட்டத்தைவிட, மூத்த குணச்சித்திர நடிகை ஒருவர் நுரையீரல் தொற்றுடன் சேர்ந்தபோது அஞ்சலில் வந்து குவிந்த அன்புதான் எங்களுக்கு அதிக வேலை வைத்தது. அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நோயாளியைப் பற்றிய செய்தி நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியது என்பது அந்த வேலையின் முதல் விதி. நான் ஓய்வு பெற்றுவிட்டதால் அது காலாவதியாகிவிடாது.

முதல் சில நாட்கள் தொலைபேசியிலேயே கழிந்தன. மருத்துவ அறிக்கை என்பது சிகிச்சையளிக்கும் மருத்துவர் எழுதி, குடும்பத்தார் சம்மதித்த பிறகே வெளியிடக்கூடிய ஒன்று. அதற்கு ஒரு பொழுதாவது ஆகும். வதந்திக்கோ யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. மூத்த நடிகை ஒருவர் மருத்துவமனைக்குப் போனார் என்றாலே, அவர் மறைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் படத்துக்கு மாலை போட்டுவிடுகிறார்கள். 1980இல் நினைவிழந்த நடிகையர் திலகம் சாவித்திரி, 1981 டிசம்பர் 26 அன்று மறையும்வரை ஏறத்தாழ 19 மாதங்கள் அந்நிலையிலேயே இருந்தார். அந்தக் காலத்து ரசிகர்கள் மறுநாள் நாளிதழுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்திலும் ஒரு மரியாதை இருந்ததாக எனக்கு இப்போது தோன்றுகிறது.

பிறகு அஞ்சல் வரத் தொடங்கியது. நடிகையின் பெயர், மருத்துவமனையின் பெயர், சென்னை என்ற அளவில் மட்டுமே முகவரி எழுதப்பட்ட உறைகளும் தவறாமல் வந்து சேர்ந்தன. பாதிக்கு மேற்பட்டவற்றைப் பிரித்தால் கை மணக்கும். பழனி விபூதி, சமயபுரத்துக் குங்குமம், வேளாங்கண்ணியில் வாங்கிய எண்ணெய்ச் சிமிழ், நாகூர் தர்காவில் ஓதிக் கட்டிய கறுப்புக் கயிறு என்று எல்லாத் தெய்வங்களும் எங்கள் மேசையில் அருகருகே இருந்தனர். இவற்றில் எதையும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோக முடியாது. மூச்சுத் திணறலுடன் இருப்பவரின் அருகே பொடி பறக்கக் கூடாது. பூவும் ஈரமும் கிருமிக்கு இடம் கொடுக்கும். இதைத் தொலைபேசியில் பக்குவமாகச் சொல்வது கடினமான வேலை. “சாமி பிரசாதத்துல என்ன சார் கிருமி?” என்று ஓர் அம்மாள் கேட்டபோது, நான் மருத்துவ விளக்கத்தில் இறங்காமல், அவர் பொது அறைக்கு மாறும் நாளில் அவர் கையில் சேர்ப்பதாக மட்டும் உறுதி சொன்னேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் அனுப்பியவரின் கடிதத்தோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிப் பெட்டியில் வைக்கலாம் என்ற யோசனை தலைமைச் செவிலியருடையது.

உடல் உறுப்பைத் தருவதாக எழுதியவர்களின் கடிதங்கள்தான் என்னை அதிகம் தடுமாற வைத்தன. ஏதோ ஒரு தொலைக்காட்சி அவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று சொல்லிவிட, தங்களுடைய ஒரு சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுமாறு, இரத்த வகையையும் குறித்து, சிலர் எழுதியிருந்தார்கள். அவருடைய நோயே வேறு. அப்படியே இருந்தாலும், 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நெருங்கிய உறவினர் அல்லாதவர் உயிரோடு இருக்கும்போது உறுப்பு தர வேண்டுமானால் அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். அன்பின் பேரில்தான் தரப்படுகிறது, பணத்துக்காக அல்ல என்று அந்தக் குழுவுக்கு விளங்கியாக வேண்டும். திரையில் பார்த்ததைத் தவிர வேறெந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரின் அன்பை எந்தக் குழுவிடம் எப்படி நிரூபிப்பது? சட்டத்தில் இதற்கு இடமிருக்காது என்பது தெரிந்தும், அந்தக் கடிதங்களை மற்றவற்றோடு கலக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் ‘அம்மா’ என்றே தொடங்கின. அவரைவிட மூத்தவர்கள் எழுதியவையும் அப்படித்தான். நம் திரையுலகம் நடிகைகளுக்கு வயதைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றிவிடும். 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசனுக்கு ஜோடியாக நடித்த பண்டரிபாயை, அடுத்து வந்த தலைமுறைகள் தாயாகவே அறிந்தன, 1992இல் ‘மன்னன்’ படத்தில் ரஜினிகாந்த் தூக்கிச் சுமந்ததும் அவரைத்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமாவை ஊரே ‘ஆச்சி’ என்றது. அந்த உரிமையோடுதான் இந்த நடிகைக்கும் எழுதினார்கள்: கஷாயத்தின் பக்குவம் சொன்னார்கள், குளிர்ந்த நீர் குடிக்காதீர்கள் என்று அதட்டினார்கள், மகளின் திருமணத்துக்கு வந்து ஆசி தர வேண்டும் என்று நாள் குறித்தார்கள்.

பொது அறைக்கு மாறிய பின், மருத்துவர் அனுமதித்த சிறிது நேரத்தில், மாலை வேளைகளில் நானே படித்துக் காட்டினேன். நூறாண்டு வாழ்க என்பவற்றுக்கு அவர் கை கூப்புவார், அதோடு சரி. இதை அன்பில்லாமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சை எண்ணி விடுகிறவருக்கு நூறாண்டு என்பது கேட்கவே களைப்பூட்டும் தொலைவு. அவர் முகம் மாறியது வேறொரு கடிதத்துக்கு. டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவர், நடிகையின் பழைய படம் ஒன்றை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்ததில், அடுப்பிலிருந்து பானையை இறக்கும் காட்சியில் மட்டும் அவர் இடது கையால் துணியைப் பிடித்திருப்பதைக் கவனித்ததாகவும், மற்ற இடங்களிலெல்லாம் வலது கைப் பழக்கமாக இருக்கிறதே என்றும் எழுதியிருந்தார். நலம் விசாரிப்பு கடைசியில் ஒரே வரி.

“அன்னைக்கு வலது கையில சூடு பட்டுடுச்சு தம்பி. டைரக்டர்கூடக் கவனிக்கல” என்றார். ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு அந்தக் கடிதத்தைத் தானே வாங்கிப் படித்தார். அதன் பிறகு பெட்டியிலிருந்து நான் கடிதங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது. ஒரு காட்சியையோ, ஒரு வசனத்தின் இழுப்பையோ, கட்டியிருந்த புடவையையோ குறிப்பிட்டவற்றை மேலே வைத்தேன். செய்த வேலையை ஒருவர் நினைவு வைத்திருக்கிறார் என்பது அவருக்கு வாழ்த்தைவிடப் பெரிதாக இருந்தது. நடிப்பும் ஒரு வேலைதான் என்பதைப் பாராட்டு விழாக்கள் எனக்கு உணர்த்தியதில்லை.

வீடு திரும்பும் முன், அச்சடித்த நன்றிக் கடிதம் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால், முகவரி தெளிவாக இருந்தவர்களுக்கெல்லாம் அவர் மகளும் நானும் அஞ்சலட்டை எழுதினோம். ஆபரேட்டருக்கு அவரே நடுங்கும் கையால் பதில் போட்டார். சிறுநீரகம் தர முன்வந்தவர்களுக்கு, அது தேவைப்படவில்லை என்று நன்றியோடு தனியாக எழுதினேன். அவர்களில் ஒருவர் திரும்ப எழுதினார்: தனக்கு அறுபது கடந்துவிட்டதால்தான் வேண்டாம் என்கிறீர்களா, அப்படியானால் மகனுக்கு முப்பதுதான் ஆகிறது, அவனிடம் பேசிவிட்டேன் என்று.