வாசலில் சொல்லும் முதல் சொல்

வேளாங்கண்ணியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். தமிழைத் தவிர வேறு மொழி எதுவும் காதில் விழாமல் வளர்ந்தவன். ஆகஸ்ட் 29-ஆம் தேதி பேராலயத்தில் கொடியேறியது முதல் செப்டம்பர் 8-ஆம் தேதி மாதா பிறந்தநாள் வரை ஆந்திரம், கேரளம், கர்நாடகம், கோவா, மும்பை என்று பல ஊர் மக்களும் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அறை வாடகையைச் சொல்ல கால்குலேட்டர் போதும். ஆனால் இரண்டு நாள் ரயிலில் வந்த களைப்போடு நிற்பவரிடம் வாடகையையா முதலில் சொல்வது?

அதனால் அவரவர் மொழியில் நலம் விசாரிக்கக் கற்றேன். சாவிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தெலுங்குக்கு ‘பாகுன்னாரா’, மலையாளத்துக்கு ‘சுகமாணோ’, கன்னடத்துக்கு ‘சென்னாகித்தீரா’ என்று தமிழ் எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டேன். கேட்டவர்களின் முகம் மலர்வதைப் பார்த்து, கற்க வேண்டியதைக் கற்றுவிட்டதாகவே நம்பியிருந்தேன்.

மூன்றாம் ஆண்டு, ஓர் இரவு பதினொரு மணிக்கு மேல் நெல்லூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. தகப்பனின் தோளில் ஆறு வயதுப் பையன் துவண்டு கிடந்தான். தாயின் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய மருத்துவமனைக் கோப்பு இருந்தது. நான் வழக்கம்போல் ‘பாகுன்னாரா’ என்றேன். அந்த அம்மா பதில் சொல்ல வாயெடுத்து, முடியாமல், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டார். நம் ஊரில் நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் நின்று, ‘எல்லாரும் சௌக்கியமா’ என்று எடுத்த எடுப்பில் கேட்போமா? தமிழில் செய்யத் துணியாத ஒன்றைத் தெலுங்கில் செய்திருக்கிறேன் என்பது அன்றிரவு முழுவதும் உறுத்தியது. நேர்த்திக்கடனும் வேண்டுதலுமாக வருகிறவர்களில் பாதிப் பேர் நலமாக இல்லாததனால்தானே இந்த ஊருக்கு வருகிறார்கள்.

மறுநாள் காலை எங்கள் தெலுங்குச் சமையற்காரரிடம், உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ‘ரண்டி’ என்றார். நம்முடைய ‘வாங்க’தான். அதன் பிறகு மலையாளத்தின் ‘வரூ’, மராத்தியின் ‘யா’, கன்னடத்தின் ‘பன்னி’ எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இந்தக் கன்னடச் சொல்லைத் தமிழ் எழுத்தைப் பார்த்து நம் வழக்கப்படி வல்லினமாக உச்சரித்தால் வந்தவரை அவமதித்ததாகிவிடும். ‘பயம்’ என்னும்போது பகரம் எப்படி மென்மையாக ஒலிக்கிறதோ அப்படிச் சொல்ல வேண்டும். வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பதிவேட்டைக் காட்டாமல், காதால் கேட்டுத் திரும்பச் சொல்லும்படி நான் வற்புறுத்துவது இதனால்தான். கோவாவின் கொங்கணிக் கிறிஸ்தவர்கள் ‘தேவ் பொரோ தீஸ் தீவ்’ என்பார்கள். கடவுள் உனக்கு நல்ல நாளைத் தரட்டும் என்று பொருள். கேள்வியாக இல்லாமல் வாழ்த்தாக இருப்பதால், எவ்வளவு துயரத்தோடு வருகிறவருக்கும் அது பொருந்துகிறது.

விடைபெறும் சொற்களை நான் தேடிக் கற்கவில்லை. அவை தாமாகவே வந்து சேர்ந்தன. ‘போறேன்’ என்று சொன்னால் என் அம்மா திண்ணையிலிருந்தே அதட்டி, ‘போயிட்டு வரேன்னு சொல்லுடா’ என்று திருத்துவார். மும்பைக்குப் பக்கத்திலுள்ள வசை என்னும் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மராத்தி மூதாட்டி சாவியைக் கொடுத்துவிட்டு ‘யேதே’ என்றபோது, உடன் வந்த பேத்தி, ‘வருகிறேன்’ என்று சொல்கிறார், கிளம்பும்போது ‘ஜாதே’ என்று சொல்ல மாட்டோம் என்று விளக்கினாள். மலையாளிகள் ‘போயிட்டு வராம்’ என்கிறார்கள். கன்னடத்தில் ‘ஹோகி பர்த்தீனி’. இத்தனை தொலைவிலிருந்து வருகிறவர்களின் வீடுகளிலும் என் அம்மாவைப் போல் ஒருத்தி உட்கார்ந்து திருத்தியிருக்கிறாள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

நெல்லூர்க் குடும்பம் மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்பியது. பையனுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். தகப்பனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ‘வெள்ளொஸ்தாம் அன்னா’ என்றார். போய்வருகிறோம் அண்ணா. சமையற்காரரிடம் கற்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன்: ‘மள்ளீ ரண்டி அம்மா.’ மறுபடியும் வாங்க அம்மா.