அம்மா சவுக்காரம் போட்டுக் கழுவின பில்டர்

எங்க வீட்டுல மீன் வளக்கணும்னு ஆசப்பட்டது சின்ன மக, காசு குடுத்தது நான், லாபம் பாத்தது அம்மா.

இலங்கை மலநாட்டுல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலத் தோட்டம் எங்களுக்கு. வரிசையா ஒட்டிக் கட்டின லயத்து ரூம விட்டு, ஏழு பேர்ச் காணியில தனி வீட்டுக்கு வந்து மூணு வருசமாகுது. தண்ணி மலையில இருந்து பைப்புல வருது, குளோரின் கிளோரின் ஒன்னும் கெடையாது, நல்ல தண்ணி, ஆனா ரெண்டு நாள் மழ அடிச்சா பிளேன்டீ கலருக்கு மாறிரும். இத ஊத்தினா மீன் எங்க கெடக்குன்னு டோர்ச் அடிச்சுல்ல தேடணும், அதான் பில்டர் வாங்குவோம்னு வாய தொறந்தேன். "நாங்க பீலித் தண்ணி குடிச்சுத்தான் ஒங்க நாலு பேரையும் வளத்தோம், மீனுக்கு பில்டரா?"ன்னு அம்மா கேட்டாங்க. நான் சத்தமில்லாம பஸ் ஏறிட்டேன்.

கண்டியில வளப்பு மீன் கடைக்கார முஸ்லிம் அண்ணன், நானான்னுதான் கூப்பிடுவோம், அவரு மொதல்ல கேட்டது ஊரத்தான். ஹட்டன்னு சொன்னதும், "அப்ப கப்பி வாணாம் தம்பி, ஒங்கட குளிருக்கு ஹீட்டர் இல்லாம நிக்காது, கோல்ட்பிஷ் எடுங்க"ன்னாரு. தொட்டி ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஒசரம். கணக்கு போட்டா 57 லீட்டர் கிட்ட வருது. (அதுக்கு நாங்க வாங்கின மூணு கோல்ட்பிஷே கூடத்தான், அதுக தின்னுறதும் அதிகம் கழியிறதும் அதிகம், அது அப்ப எனக்கு தெரியாது.) ஒரு மணித்தியாலத்துக்கு தொட்டித் தண்ணி நாலஞ்சு தடவ பில்டருக்குள்ள போய் வந்தா போதும், ஒரு 250, 300 லீட்டர் இழுக்கிற சாமான் போதும்னு நானா சொல்லிக்கிட்டே இருக்காரு, என் கண்ணு பக்கத்துல 1000 லீட்டர்னு எழுதின பெட்டியில நிக்குது. சட்டி வாங்கினாலும் ஒரு சைஸ் பெருசா வாங்குற பரம்பர நாங்க. வாங்கிட்டேன்.

கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனன்னு அத்தன வளைவுலயும் மீன் பேக்க மடியில வச்சுக்கிட்டு வந்தோம். "மீனுக்கு வாந்தி வராதாப்பா"ன்னு மக வழி நெடுக ஒரே கேள்வி, முன் சீட்டு அம்மா ஒருத்தங்க பாவம் பாத்து இஞ்சி டொபி ஒன்னு குடுத்தாங்க, மீனுக்கா மகளுக்கான்னு இன்னும் தெரியல.

வீட்டுல பிளக்க போட்டேன் பாருங்க, மூணு மீனும் திருவிழா ராட்டினத்துல ஏறின மாதிரி ஒரே சுத்து. வால் பெருசா உள்ளது ஒன்னு தலகீழாவே ரெண்டு ரவுண்டு போச்சு. அப்பா கண்ணாடிய கழட்டி தொடச்சு மறுபடி மாட்டிப் பாத்துட்டு, "மீன் வளக்கிறியா துணி தொவைக்கிறியா"ன்னாரு.

மறு வாரம் திரும்ப கண்டி. நானா சிரிக்கல, மீசைய மட்டும் தடவிக்கிட்டாரு. அத எடுத்துக்கிட்டு ஸ்பொஞ்சு பில்டர் ஒன்னும் காத்து மோட்டர் ஒன்னும் தந்தாரு. ட்யூப்ல காத்து போகும், குமிழ் குமிழா மேல வரும், அந்த இழுப்புல தண்ணி ஸ்பொஞ்சுக்குள்ளால வரும், அவ்வளவுதான் வேல. "ஸ்பொஞ்சு கறுப்பாகும், அத கழுவிப் போட்றாதீங்க"ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. மீன் செவுள் வழியா விடுற அமோனியா அதுக்கே விஷமாம், ஸ்பொஞ்சுல குடியிருக்கிற பக்டீரியா ஒரு கூட்டம் அத நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான், இன்னொரு கூட்டம் அத நைட்ரேட்டா மாத்தும், அது கொஞ்சம் சாது. இந்தக் கூட்டமெல்லாம் குடியேறவே நாலுல இருந்து ஆறு கெழம (வாரம்), குளிர் ஊருன்னா இன்னும் இழுக்கும். ஆக ஊத்தையா தெரியுதே அதுதான் பில்டராம், ஸ்பொஞ்சு அதுக்கு வீடு மட்டும்தான். கடைசியா, காத்து ட்யூப்புக்கு ஒரு பக்கமா மட்டும் வழி விடுற செக் வால்வு ஒன்னு போடுங்கன்னாரு. கொஞ்சக் காசு சாமான்தான். வேணாம்னுட்டேன், ஏற்கனவே கை கடிச்சிருச்சுல்ல.

மோட்டர் சத்தம் கேக்குதுன்னு அத மேசைக்கு கீழ, தரையில வச்சேன். அடுத்த வாரம் ராத்திரி நல்ல மழ, எங்கயோ மரம் விழுந்து கரண்ட் போச்சு. நடுச்சாமத்துல அம்மா பாத்ரூம் போக எந்திரிச்சவங்க, "ஐயோ கூர ஒழுகுது"ன்னு ஒரு சத்தம். முன் ரூம் தரையெல்லாம் தண்ணி. லயத்துல இருந்த பழக்கம், ரெண்டே நிமிசத்துல சட்டி, பேசின், பெயின்ட் வாளி எல்லாம் வரிசையா தரைக்கு வந்துருச்சு. எந்த எடத்துல சொட்டுதுன்னு டோர்ச் அடிச்சு அண்ணாந்து பாத்து கழுத்து புடிச்சதுதான் மிச்சம், ஒரு சொட்டு கூட சட்டியில விழல, தரையில தண்ணி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. அப்பா கூரைக்கு தகரம் போட்ட மேசன் பாஸோட மூணு தலமுறையையும் இழுத்து வச்சு ஏசினாரு. விடிஞ்சதும் தார் டின்ன கையில குடுத்து என்ன கூர மேல ஏத்திட்டாரு. ஆணி அடிச்ச எடமெல்லாம் நான் தார் பூசிக்கிட்டு இருக்கேன், கீழ இருந்து மக கத்துறா, "அப்பா, மீனு பாதித் தண்ணியில நிக்குது!"

கரண்ட் போனதும் மோட்டர் நின்னு, காத்து போன ட்யூப்ல தண்ணி திரும்பி ஏறி, மோட்டர் தொட்டிக்கு கீழ இருந்ததால அது வழியாவே விடிய விடிய தரைக்கு எறங்கியிருக்கு. பெற்றோல் டாங்கில பைப் போட்டு உறிஞ்சி விடுவாங்களே, அதே வித்தைதான். நல்லவேள, பிளக் பக்கம் போகல. அன்னிக்கே வால்வும் வாங்கினேன், மோட்டரையும் தொட்டிக்கு மேல தட்டுல ஏத்திட்டேன். பாஸ்கிட்ட அப்பா இன்னும் மன்னிப்பு கேக்கல.

அதுக்கப்புறம் அஞ்சு கெழம ஒரு தொல்லையும் இல்ல. தண்ணி கண்ணாடி, ஸ்பொஞ்சு சாணி கலர். ஒரு நாள் வேல விட்டு வாரேன், அடுப்புக்கு மேல கொடியில, அப்பாவோட பனியனுக்கும் மகளோட சொக்ஸுக்கும் நடுவுல, ஸ்பொஞ்சு தொங்குது. வாங்கின அன்னிக்கு கூட அப்பிடி ஒரு வெளுப்பு இல்ல.

"அவ்வளவு ஊத்த தம்பி அதுல, எப்பிடித்தான் மனசு வந்து அப்பிடியே போட்டு வச்சியோ. சவுக்காரம் போட்டு நாலு தண்ணியில அலசினேன்."

அஞ்சு கெழமயா குடியேறின ஊரு மொத்தமும் சாக்கடையில. இனி எத்தன அலசினாலும் சவுக்காரம் ஸ்பொஞ்சு ஓட்டைக்குள்ள நிக்கும், அது மீனுக்கு ஆகாது, தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டினேன். ரெண்டு கெழம தெனமும் கால் தொட்டி தண்ணிய மாத்தினேன், தீனிய பாதியாக்கினேன். மீனுங்க மேல வந்து வாய தொறந்து தொறந்து மூடும்போதெல்லாம் அம்மாவ பத்தி சொல்ற மாதிரியே இருக்கும். மூணும் பொழச்சிருச்சு.

பக்டீரியா கதைய அம்மாகிட்ட எப்பிடி சொல்றதுன்னு தெரியாம, "பழைய தோசமாவு கொஞ்சம் விட்டு வச்சாத்தான புது மாவு புளிக்கும், அது மாதிரிம்மா"ன்னேன். டக்குனு புரிஞ்சிருச்சு. இப்ப அவங்களே மாத்தின பழைய தண்ணிய வாளியில வச்சு ஸ்பொஞ்ச ரெண்டே தடவ அமுக்கி எடுக்கிறாங்க. அந்தக் கறுப்புத் தண்ணிய பின்னால கொண்டு போய் போஞ்சி (பீன்ஸ்) கொடிக்கு ஊத்தினாங்க, நைட்ரேட் கெடச்ச கொடி வேலிய தாண்டி பக்கத்து வீட்டு தகரத்துல ஏறிருச்சு. வாரத்துக்கு ஒருக்கா மாத்துற தண்ணி அவங்களுக்கு பத்தல. நேத்து காலையில தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு கேக்குறாங்க, "தம்பி, லீக்ஸ் பாத்தி ஒன்னு போட்டிருக்கேன், இன்னும் ரெண்டு மீனு வாங்கலாம்ல?"