குறிப்புக் கட்டத்தில் எழுதாத வரி

"எழுதிக்கொண்டீர்களா?" என்று என்னோடு வந்திருந்த முதியவர் கேட்டார். "எழுதிக்கொண்டேன்" என்றேன். அப்போது நான் எழுதியிருக்கவில்லை. மாலையில் படிவத்தை நிரப்பும்போது சேர்த்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். மாலையிலும் சேர்க்கவில்லை. வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியாவில் மார்ஷ் ஃபிரிட்டில்லரி என்னும் பட்டாம்பூச்சியின் கணக்கெடுப்புக்குப் போன மூன்று பருவங்களில் எத்தனையோ பிழைகள் செய்து, திருத்தி, மறந்தும் விட்டேன். இது பிழைதானா என்றே இன்னும் என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதே மாவட்டத்தில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்தில் வலையோடு இந்தப் பட்டாம்பூச்சிகளின் பின்னே அலைந்தவர். அன்று பட்டர்கப் பூவொன்றின் மேல், கூட்டிலிருந்து வெளிவந்து அதிக நேரம் ஆகாத ஆண் பூச்சி ஒன்று இறக்கைகளை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து, அதை வெகுநேரம் பார்த்தார். "நான் பையனாக இருந்தபோது பார்த்தது இப்படி இல்லை. இந்தப் பட்டை இத்தனை வெளுப்பாக இருந்ததில்லை. கறுப்புக் கோடும் இவ்வளவு தடித்திருந்ததில்லை" என்றார்.

அங்கே பணி செய்த எவரும் இதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ள முடியாது. 2004-இல் கம்பிரியா முழுவதிலும் இந்த இனத்தின் புழுக்கள் பின்னும் வலைக்கூடு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அந்தப் புழுக்களைக் காப்பில் வளர்த்து, ஸ்காட்லாந்துப் பூச்சிகளோடு கலந்து இனப்பெருக்கம் செய்து, 2007-இல் பல்லாயிரம் புழுக்களாகப் புல்வெளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரே கூட்டின் வழித்தோன்றல்களை மட்டும் வளர்த்திருந்தால் நெருங்கிய உறவுக்குள்ளான கலப்பே அவற்றை அழித்திருக்கும். கலந்ததைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஸ்காட்லாந்துப் பூச்சிகளின் இறக்கைகளில் வெளிர் மஞ்சளும் கறுப்பும் பொதுவாக அழுத்தமாகப் பிரிந்து தெரியும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. பட்டாம்பூச்சிகளை ஆராய்ந்த ஃபோர்டு தந்தையும் மகனும் இன்று கம்பிரியாவுக்குள் அடங்கும் கம்பர்லாந்தில் இதே இனத்தை வைத்துச் செய்த ஆய்வைச் சொன்னேன்.

அவர்கள் 1930-இல் வெளியிட்ட கட்டுரையில், 1881 முதல் சேகரிக்கப்பட்ட மாதிரிகளையும் தாங்கள் நேரில் கண்டவற்றையும் சேர்த்து, ஒரே இடத்துப் பூச்சிகளின் வரலாற்றைத் தொகுத்திருந்தார்கள். ஒரு காலத்தில் மிகுதியாக இருந்த பூச்சி 1912-ஐ ஒட்டி அரிதாகி, 1920-க்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகளில் மளமளவென்று பெருகியது. பெருகிய அந்த ஆண்டுகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்னும் அளவுக்கு வடிவமும் நிறமும் மாறின. ஊனமுற்றவையும் பல இருந்தன. எண்ணிக்கை நிலைப்பட்டதும் தோற்றமும் நிலைப்பட்டது, ஆனால் பழைய தோற்றத்துக்கு அது திரும்பவில்லை. ஆகவே, எண்ணிக்கை விழுந்து எழும்போது உருவம் மாறுவது இயல்பு, கவலைப்பட வேண்டாம் என்று முடித்தேன்.

அவர் நிமிர்ந்து நின்று, "அவர்களிடம் பூச்சிகள் இருந்தன. என் பெட்டியை வண்டு அரித்துவிட்டது. நான் சொல்வதையாவது எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அன்று 11 பூச்சிகளைக் கண்டோம். படிவத்தில் எண்ணிக்கை, வெப்பநிலை, வெயில், காற்று என்று ஒவ்வொன்றுக்கும் இடம் இருந்தது. கீழே சிறியதாக ஒரு குறிப்புக் கட்டமும் இருந்தது. அதில் புல்லின் உயரத்தையும் மாடுகள் மேய்ந்த அளவையும் எழுதினேன். புழுக்களுக்கு உணவான டெவில்ஸ்-பிட் ஸ்கேபியஸ் செடி புல்லுக்குள் மூழ்காமல் இருக்கிறதா என்பதை அது காட்டும். மேலாளரும் அதைத்தான் கேட்பார். முதியவர் சொன்னதை எழுதப் பேனாவை வைத்தேன். 'முன்னர்க் கண்டதினின்று வேறுபட்ட தோற்றம்' என்று மனத்துக்குள் வாக்கியத்தைக்கூட அமைத்துவிட்டு, எழுதாமல் எடுத்துவிட்டேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் வலுவானவைதாம். அறுபது ஆண்டு கடந்த நினைவை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? இந்தப் பூச்சிக்கு 'கிரீஸி ஃபிரிட்டில்லரி' என்று ஒரு பழைய பெயர் உண்டு. நாள் ஆக ஆகச் செதில்கள் உதிர்ந்து, இறக்கை எண்ணெய் தடவியது போல் மினுங்கி, நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். அவர் பையனாகப் பார்த்தவை அப்படித் தேய்ந்தவையாக இருந்திருக்கலாம். ஆனால் வலையோடு அலைந்து சேகரித்த ஒருவர் தேய்ந்த பூச்சியையா பெட்டியில் குத்தி வைத்திருப்பார்? இந்தக் கேள்வி எழுந்ததும் என் காரணம் பாதி சரிந்துவிடுகிறது.

மற்றொரு காரணத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்தப் புல்வெளியில் அவை நிலைத்துவிட்டன என்று நம்ப நான் மிகவும் விரும்பினேன். 'இது பழைய பூச்சி அல்ல' என்னும் வரியை யாராவது எடுத்துக்கொண்டு, காப்பாற்றப்பட்டதே வேறொன்று என்று வாதிடக்கூடும் என்று அஞ்சினேன். அந்த அச்சத்துக்காக ஒரு கண்கூடான செய்தியை விட்டுவிட எனக்கு உரிமை இருந்ததா? இருந்தது என்று சில நாள்களில் தோன்றுகிறது. உயிரோடு பறக்கும் பதினொன்றைவிட ஒரு சொல் பெரிதல்ல. வேறு சில நாள்களில், ஃபோர்டு குடும்பத்துக்கு முன் வந்த சேகரிப்பாளர்களில் ஒருவர் என்னைப் போல் எண்ணிக்கையை மட்டும் குறித்துவிட்டுப் போயிருந்தால், நான் முதியவரிடம் சொல்லி ஆறுதல்படுத்திய அந்த ஆய்வே இருந்திருக்காது என்பது உறைக்கிறது.

எண்ணிக்கை ஏன் கூடிற்று, ஏன் குறைந்தது என்பதற்கு எங்களிடம் நிறைய விடைகள் உண்டு. மேய்ச்சல் கூடிவிட்டது என்போம். வசந்தம் மழையில் போயிற்று என்போம். புழுக்களுக்குள் முட்டையிடும் கோட்டீசியா பிக்னெல்லி குளவி பெருகிவிட்டது என்போம். எப்படிப்பட்ட பூச்சி பறந்தது என்பதற்கு மட்டும் இடம் இல்லை. இந்த இனம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, ஆகவே முன்போலப் பிடித்துக் குத்தி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அப்படியானால் உருவத்தைக் குறித்த சாட்சியமாக மிஞ்சுவது பார்த்தவரின் சொல்லும் புகைப்படமும்தான். அன்று என் சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. கணக்கெடுப்பு நடையில் நிற்கக் கூடாது என்பதால் அதை எடுக்கவில்லை. ஆனால் அவர் குனிந்து பார்த்த அத்தனை நேரமும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அடுத்த பருவத்தில் அவர் வரவில்லை. தெற்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். நான் அந்த ஆண்டு முதல், நடை முடிந்த பிறகு திரும்பிப்போய், அமர்ந்திருக்கும் பூச்சிகளில் நான்கைந்தைப் படம் எடுத்து வைக்கிறேன். மேகம் மறைத்தால் ஒரு நிறம், வெயில் அடித்தால் ஒரு நிறம். பட்டை வெளுப்பா மஞ்சளா என்று எனக்கே பிடிபடுவதில்லை. அந்தப் பழைய பதிவைத் திறந்து குறிப்பைச் சேர்க்க இன்றும் வழி இருக்கிறது. இரண்டு முறை திறந்தேன். 'தடித்திருந்ததில்லை' என்றாரா, 'அடர்ந்திருந்ததில்லை' என்றாரா என்று இப்போது எனக்கு உறுதியில்லை, மூடிவிட்டேன்.