முட்டியைப் பூட்டாதே

ஜூன் 13, 2024

ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடியும் மகளின் அழுகை. "அம்மா, கால் உளையுது." இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. ஆச்சி எழுந்து வந்து தைலம் தேய்த்துவிட்டார்கள். "வளருத பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். விடிந்தால் துள்ளி ஓடுகிறாள். அதைப் பார்த்துவிட்டு, சும்மா சொல்கிறாளோ என்று நானும் ஒருநாள் நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

ஜூன் 21

யோகா தினம். எட்டு வயதுப் பிள்ளை குனிந்து உள்ளங்கை இரண்டையும் தரையில் வைத்ததும் ஒரே கைதட்டல். "ரப்பர் மாதிரி வளையுறா" என்றார் ஆசிரியை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வீட்டுப்பாடம். அரைப் பக்கத்திலேயே பென்சிலை வைத்துவிட்டுக் கையை உதறினாள். பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு உள்பக்கமாக மடங்கி, நகம் வெள்ளையாக வெளுத்திருந்தது. பென்சில் நழுவாமல் இருக்க அவ்வளவு அழுத்துகிறாள். போன வாரம் பள்ளி டைரியில் 'எழுதச் சோம்பல்' என்று குறிப்பு வந்தது. இதுவா சோம்பல்?

ஜூன் 29

குழந்தை மருத்துவரிடம் போனோம். சுண்டுவிரல் பின்னால் 90 டிகிரிக்கு மேல் வளைகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் 10 டிகிரிக்கு மேல் பின்னால் போகின்றனவா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியாகக் குனிந்து தரையைத் தொடச் சொன்னார். பெய்ட்டன் அளவு என்று பெயராம். மொத்தம் 9 மதிப்பெண், இவளுக்கு 7. வயதுக்கு வராத பிள்ளைகளுக்கு 6 வந்தாலே உடம்பு முழுக்க மூட்டுத் தளர்வு என்று எடுத்துக்கொள்வார்களாம்.

"வளையுறது மட்டும் நோய் கிடையாதும்மா. நிறையப் பிள்ளைங்களுக்கு வலியே இருக்காது. இவளுக்கு வலியும் களைப்பும் சேர்ந்து வருது, அதனாலதான் கவனிக்கணும்" என்றார். வேறு எதுவும் இல்லையே என்று இதயம், கண், தோல் எல்லாம் பார்த்தார். மாத்திரை எழுதவில்லை, பிசியோதெரபிக்கு அனுப்பினார். என் கட்டைவிரலையும் மடக்கச் சொன்னார். அப்படியே முன்கையில் போய் ஒட்டியது! பள்ளிக்கூட நாட்களில் எனக்கு அடிக்கடி கணுக்கால் பிசகும். அம்மா 'பார்த்து நட' என்று திட்டுவாள்.

ஜூலை 6

பிசியோ அக்கா முதலில் அவளைச் சும்மா நிற்கச் சொன்னார். "பக்கத்துல இருந்து பாருங்க." முழங்கால் இரண்டும் பின்னால் வில்லாக வளைந்திருந்தன. எட்டு வருஷமாக என் கண்ணில் படாத விஷயம். "தசைக்கு வேலை கொடுக்காம, முட்டியைப் பூட்டிட்டு அதுமேல சாஞ்சு நிக்கிறா" என்றார்.

எலும்போடு எலும்பைக் கட்டும் நார் இவளுக்கு இளக்கம். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்படி, பரம்பரையாகவும் வரும். கட்டு இளகினால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் பாரம் முழுக்கத் தசையின் தலையில் விழுகிறது. நாள் முழுக்க அது இரட்டை வேலை பார்த்துவிட்டு ராத்திரி உளைகிறது. கை கால் எங்கே இருக்கிறது என்கிற உணர்வும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மங்கலாக இருக்கலாமாம். மேசை முனையில் தினமும் இடித்துக்கொள்கிறாளே!

இன்னும் வளைக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம், விருந்தாளிகள் முன்னால் விரலை வளைத்துக் காட்டும் வித்தையும் வேண்டாம். பலம்தான் வேண்டும். சுவரில் சாய்ந்து அரை நாற்காலியாக நிற்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நின்று பல் தேய்ப்பது. எல்லாம் நிதானமாக. நிற்கும்போது ஒரே மந்திரம்: முட்டியைப் பூட்டாதே. விளையாட்டை நிறுத்தவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

ஜூலை 10

பள்ளிக்கூடப் பையை எடை போட்டேன். 4.5 கிலோ. பிள்ளையே 21 கிலோதான். உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று 2020 பள்ளிப்பை கொள்கையே சொல்கிறது. மருத்துவர் கடிதத்தோடு போய் வகுப்பாசிரியையிடம் பேசினேன். பாதிப் புத்தகங்களை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம், தடித்த பென்சில் தரலாம், எழுதும்போது நடுவில் கை ஓய்வும் உண்டு. பொறுமையாகக் கேட்டார். நன்றியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9

ஒரு வாரம் காய்ச்சல், பயிற்சி எல்லாம் போச்சு. நேற்று பள்ளிக்குப் போய்வந்த ராத்திரியே அழுகை. பதறிப்போய் பிசியோ அக்காவுக்குப் போன் போட்டேன். "படுத்தே கிடந்தா இந்தப் பிள்ளைங்களுக்குப் பலம் சீக்கிரம் இறங்கிடும். விட்ட இடத்துல இருந்து தொடங்காதீங்க, பாதியில இருந்து தொடங்குங்க." சரி. பத்து தடவை செய்ததை இன்று ஐந்து தடவை.

செப்டம்பர் 25

முதல் பருவத் தேர்வு. தமிழ்த் தாள் முழுவதும் எழுதிவிட்டாள், நடுவில் இரண்டு முறை கையை மடியில் வைத்துக்கொண்டாளாம். கடைசிப் பக்கத்தில் எழுத்து சாய்ந்துதான் கிடக்கிறது. இந்த மாதம் ராத்திரி எழுந்தது இரண்டே நாள்.

அடுத்தது சைக்கிள் வேண்டுமாம். அக்கா சரி என்றுவிட்டார். சீட்டை மட்டும் சரியான உயரத்தில் வைக்க வேண்டும், மிதிக்கும்போது முட்டி பின்னால் போகக் கூடாது. சனிக்கிழமை அப்பாவோடு கடைக்குப் போகிறாள்.