எழுதின சூட்டோடு திருத்தாதீர்கள்

எழுதி முடித்த கையோடு திருத்த உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இங்கே பெங்களூரில் எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குழு பொங்கலுக்கு ஒரு சின்ன மலர் போடுகிறது, மெய்ப்புப் பார்க்கிற வேலை, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கிற வேலை, எப்படியோ என் தலையில்தான் விழும். வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் "அக்கா, நாலு தடவை படிச்சுட்டேன், தப்பே இல்லை" என்ற குறிப்போடு வரும். நாலு தடவையும் ஒரே ராத்திரியில் படித்திருப்பார்கள்.

பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கவில்லை. படிக்கும்போது கண் வரி நெடுக ஒழுங்காக நகர்வதில்லை, தாவித் தாவித்தான் போகிறது, விட்டுப்போனதை மூளை தனக்குத் தெரிந்ததை வைத்து இட்டு நிரப்பிக்கொள்கிறது. அடுத்து என்ன வரும் என்று எழுதினவரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆறப்போடுவதே எழுதினதைக் கொஞ்சம் மறப்பதற்குத்தான். முதல் நூற்றாண்டு ரோமில் பேச்சுக்கலை கற்றுக்கொடுத்த குவிண்டிலியன்கூட, சில காலம் தள்ளி வைத்துவிட்டு எடுத்தால்தான் அது வேறு யாரோ எழுதியதுபோலப் புதிதாகத் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

போன மலருக்கு ஏரிக்கரையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. முதல் பத்தியில் அல்சூர், அடுத்ததில் உல்சூர், படத்துக்குக் கீழே ஹலசூரு, மூன்றும் ஒரே இடம்தான். நடுவில் இப்படி ஒரு வரி: "காலையில் நடக்க வரும் பெரியவர்கள், பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள், கரையோரம் பூக்கட்டும் அம்மா என்று எல்லாரையும் பார்த்தே வளர்ந்த நான், இன்று மெட்ரோவில் போகும்போது ஏரி தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறோம்." நம் மொழியில் வினை கடைசியில் போய் நிற்கிறது, வாக்கியம் நீண்டால் எழுவாயை அதற்குள் மறந்துவிடுவோம், நான் என்று கிளம்பி பார்க்கிறோம் என்று போய் இறங்குவோம். நான் எதையும் குறிக்காமல் வைத்திருந்து, ஒரு வாரம் கழித்து எழுதின பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தேன். "ஐயோ, இது நான் எழுதினதாக்கா?" என்று அவளே எல்லாவற்றையும் பிடித்துவிட்டாள்.

இதில் பலர் கலந்து குழப்பிக்கொள்வது, திருத்துவதும் மெய்ப்புப் பார்ப்பதும் ஒரே வேலை என்று நினைப்பது. எந்தப் பத்தி வேண்டாம், எது முன்னால் வரவேண்டும் என்பது முதல் வேலை. அதற்குத்தான் நீண்ட இடைவெளி வேண்டும். "வேலை கொடுத்தார்" என்பதில் க் வராது, "வேலையைக் கொடுத்தார்" என்பதில் வரும் என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். அதற்கு ஒரு நாள் விட்டால் போதும். இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்றால், ஒற்று, ரகர றகரம் எல்லாம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்த பத்தியைத் தூக்கி எறிய மனசே வராது, அது வேண்டாத பத்தியாக இருந்தாலும்.

அதற்காக வருஷக்கணக்கில் போட்டு வைக்கச் சொல்லவில்லை. எங்கள் ஏரிப் பக்கத்துத் திருவள்ளுவர் சிலை 1991-லேயே தயாராகி, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கும் வரை மூடியே கிடந்தது. அது சிலை, தாங்கியது. கட்டுரை தாங்காது. ரொம்ப நாள் விட்டால் எழுதும்போது இருந்த வேகம் போய்விடும், திருத்துகிறேன் என்று உட்கார்ந்து வேறு எதையோ எழுத ஆரம்பித்துவிடுவோம்.

நாளைக்கே கொடுத்தாக வேண்டும், ஆறப்போட நேரமில்லை என்றால்? எழுத்துருவை மாற்றுங்கள், அளவைப் பெரிதாக்குங்கள், போனில் எழுதியதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துப் பாருங்கள். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. மெட்ரோவில் முடியாது, மொட்டைமாடிக்குப் போங்கள். கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கி வந்தால் கதையின் போக்கு நம்மை இழுத்துக்கொண்டு போகாது. ஆனால் பெயர், போன் நம்பர், தேதி இவற்றை எத்தனை நாள் ஆறப்போட்டாலும் கண் பிடிக்காது, ஏனென்றால் தப்பான தேதியும் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். தேதிக்கு ஒரே வழி, காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு கிழமையோடு ஒத்துப் பார்ப்பது. கல்யாணப் பத்திரிகை என்றால் இன்னொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வது.