எப்போதும் போலத்தான்

"சரக்கு வந்ததிலிருந்து எப்படி வைத்திருந்தீர்கள்?" என்று, நாங்கள் இறக்குமதி செய்த ஒயினைத் தயாரித்தவர் கேட்டார்.

"எப்போதும் போலத்தான்" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த வேகம்தான் இன்னும் உறுத்துகிறது. யோசித்துச் சொல்லியிருந்தால் 'பொய் சொன்னோம், சரி' என்று ஒரு கணக்கில் எழுதி மூடியிருப்பேன். இது கேட்டவுடன் வந்துவிட்டது, கடையில் டீ எத்தனை என்று கேட்டால் "ஒன்று" என்று சொல்வது மாதிரி.

பொய்தானா என்றும் தெரியவில்லை. அவர் கேட்டது சரக்கு வந்ததிலிருந்து. சிங்கப்பூரில் எங்கள் ஜூரோங் கிடங்குக்குள் அது வந்தது மாலை 5 மணிக்கு. அன்றிலிருந்து 14 டிகிரியில்தான் இருந்தது. நான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. ஆனால் 5 மணிக்கு முன்னால் நடந்ததைத்தான் அவர் கேட்கிறார் என்பது எனக்கும் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். குளிர்லாரி அன்றைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கும், அடுத்த நாள். எனக்கு அவசரம். சாதாரண மூடிய லாரியை எடுத்தேன். பாசிர் பாஞ்சாங் துறைமுகத்திலிருந்து ஜூரோங்குக்கு எவ்வளவு நேரமாகிவிடும்? அதோடு நிறுத்தியிருக்கலாம். போகிற வழியில் நகரத்தில் ஓர் ஓட்டலுக்கு வேறு சரக்கு இறக்க வேண்டியிருந்தது, அதையும் அதே லாரியில் போடச் சொன்னேன். ஓட்டலின் இறக்கும் இடத்தில் வரிசை. மதியம் 12 மணிக்குக் கிளம்பிய லாரி 5 மணிக்குத்தான் எங்கள் வாசலுக்கு வந்தது. தகரப் பெட்டி, மே மாதம். உள்ளே 40 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

இறக்க வந்த அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். பட்டுக்கோட்டைப் பக்கம். பதினைந்து வருடமாக இங்கே கிடங்கு வேலை. ஒரு சொட்டு குடிக்க மாட்டார்.

"தம்பி, அட்டை சுடுது. தொட்டுப் பாருங்க."

நான் தொடவில்லை. "வெளி அட்டைதாண்ணே சுடும். உள்ள ஒண்ணும் ஆயிருக்காது. இறக்குங்க" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அப்புறம் ஃபோர்க்லிஃப்டில் ஏறிவிட்டார்.

நான் ஏன் தொட்டுப் பார்க்கவில்லை என்று பலமுறை யோசித்துவிட்டேன். தொட்டிருந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருந்திருக்கும். அறுபது பெட்டி ஸ்பார்க்லிங், அதாவது நுரை ஒயின், பெட்டிக்கு ஆறு, மொத்தம் 360 பாட்டில். இங்கே ஒயினுக்குத் தீர்வை சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 12 சதவீத ஒயின் என்றால் 750 மில்லி பாட்டிலுக்கு 7 வெள்ளி 92 காசு. 360 பாட்டிலுக்கு 2,851 வெள்ளி, அதற்கு மேல் ஜிஎஸ்டி. அன்று காலையில்தான் கட்டியிருந்தோம். இதையெல்லாம் அந்த வாசலில் நின்று கணக்குப் போடவில்லை, பின்னால் போட்டதுதான். ஆனால் கை பாக்கெட்டிலேயே இருந்ததற்கு இந்தத் தொகைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த ஒயின் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆரஞ்சு என்று ஓர் ஊர். பெயர்தான் ஆரஞ்சு, விளைவது ஆப்பிளும் செர்ரியும் திராட்சையும். அந்த ஊரின் பெயரை ஒயின் லேபிளில் போட வேண்டுமானால் தோட்டம் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். பக்கத்தில் கனோபோலாஸ் என்று அணைந்துபோன எரிமலை, 1,395 மீட்டர். ஒயினைத் தயாரித்த இவருடைய தோட்டம் அதன் சரிவில், ஏறக்குறைய 900 மீட்டரில். நம்முடைய புக்கித் தீமா 164 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் குளிரும் என்பது பொதுக்கணக்கு. அதனால் கீழே சமவெளியில் வெந்துபோகும் திராட்சை இங்கே நிதானமாகப் பழுக்கும். இரவுக் குளிரில் காயின் புளிப்பு கரையாமல் நிற்கும். அந்தப் புளிப்புக்காகத்தான் உறைபனி பயத்தையும் பொறுத்துக்கொண்டு மேலே போய் நடுகிறார்கள்.

ஒருமுறை பிப்ரவரிக் கடைசியில் அறுவடைக்குப் போயிருந்தேன். விடிவதற்கு முன்னால் பறிக்கிறார்கள். கை விரைத்துவிட்டது. ஒரு ஷார்டனே திராட்சையைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். நெல்லிக்காய் மாதிரி கூசியது. "இதையா பறிக்கிறீர்கள்?" என்றேன். "நுரை ஒயினுக்கு இதுதான் பருவம். சாதா ஒயினுக்கான வரிசை அங்கே இருக்கிறது, அதற்கு இன்னும் மூன்று வாரம் ஆகும்" என்றார்.

அந்தப் புளிப்புச் சாற்றை முதலில் சாதா ஒயினாக ஆக்குகிறார்கள். அப்புறம் லிட்டருக்கு 24 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து பாட்டிலில் அடைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளேயே மறுபடி நொதித்து, வெளியே போக வழியில்லாத வாயு ஒயினில் கரைகிறது. அழுத்தம் வெளிக்காற்றைப்போல ஆறு மடங்குவரை போகும். செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படிந்து மாதக்கணக்கில் கிடக்கும். ஷாம்பெயினில் பாட்டிலுக்குள் குறைந்தது 15 மாதம் இருக்க வேண்டும் என்று சட்டம். இவர் 30 மாதம் வைக்கிறார். பிறகு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாக்கி, கழுத்தில் சேர்ந்த வண்டலை உறையவைத்து, மூடியைத் திறந்து தெறிக்கவிடுகிறார்கள். குறைந்த இடத்தை நிரப்பும்போதுதான் கடைசியாகச் சர்க்கரை சேர்ப்பது. அதற்கு டோசாஜ் என்று பெயர்.

இவர் போட்டது லிட்டருக்கு 2 கிராம். லேபிளில் 'எக்ஸ்ட்ரா ப்ரூட்', சர்க்கரை மிகக் குறைவு என்று அர்த்தம். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "சர்க்கரை போட்டு மூடுவதற்கா இவ்வளவு உயரத்தில் வந்து நட்டேன்?" என்று அந்தப் பயணத்தில் இரண்டு தடவையாவது சொல்லியிருப்பார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. உணவகக்காரர்கள் இருபது பேருக்குச் சுவைத்துக் காட்டும் நிகழ்ச்சி. அவரே விமானம் ஏறி வந்திருந்தார். முதல் பாட்டிலைத் திறந்து, ஊற்றி, மூக்கருகில் கொண்டுபோனார். இன்னொரு முறை. குடித்தார். முகம் மாறவில்லை, ஆனால் கண்ணாடிக் கோப்பையை மேசையில் வைத்த விதம் மாறியது. இரண்டாவது பாட்டிலையும் திறந்தார். என் காதருகே வந்து, "பழம் பின்னால் போய்விட்டது. புளிப்பு மட்டும் தனியாக நிற்கிறது. என் கிடங்கில் இது இப்படி இல்லை" என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி. அப்புறம்தான் என் பதில்.

அவர் என்னை நம்பினார். சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. தலையாட்டிவிட்டு, "அப்படியானால் நான்தான்" என்றார்.

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், முதலாளி பக்கத்தில் நின்றார் என்பதெல்லாம் காரணம்தான். ஆனால் நிகழ்ச்சி முடிந்து அவரை ஓட்டலில் இறக்கிவிட்டதும் நான்தான். காரில் அரைமணி நேரம் நாங்கள் இருவர் மட்டும். கிரிக்கெட் பேசினோம்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணி நேர வெயில் நெருக்கமாக அடுக்கிய பெட்டிகளுக்குள் எவ்வளவு இறங்கும்? வெளிவரிசை சூடாகும், நடுவில் உள்ள பாட்டில்கள் மெதுவாகத்தான் ஏறும். அதே லாரியில் அவருடைய பினோ நுவார் என்ற நுரையில்லாத சிவப்பு ஒயினும் வந்தது. அதை அன்று அவரே புகழ்ந்தார். சாதா ஒயினில் தக்கை இருந்தால் சூட்டில் மேலே தள்ளி, பார்த்தவுடன் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது திருகு மூடி, ஸ்பார்க்லிங் தக்கையைக் கம்பி பிடித்திருக்கிறது. இரண்டுமே எதையும் சொல்லவில்லை. இன்னொன்று, சூடுபட்ட ஒயினில் வேகவைத்த ஆப்பிள், ஜாம் மாதிரி வாடை வரும் என்பார்கள். இவர் சொன்ன குறை அது இல்லையே. பின்லேபிளில் வண்டல் நீக்கிய தேதி இருந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புதிதாகத் திறந்து மூடிய ஒயின் கொஞ்ச நாள் ஒட்டாமல் கிடக்கும், சில மாதம் போனால்தான் சேரும். போதாததற்கு ஓட்டல்காரர்கள் பாட்டில்களை ஐஸில் புதைத்து வைத்திருந்தார்கள். அவ்வளவு சில்லென்று இருந்தால் வாசனை அடங்கி, புளிப்புதான் முன்னால் வரும்.

இப்படி எடுத்து வைத்தால் லாரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவே முடியாது. ராத்திரி படுத்தால் வேறு மாதிரி தோன்றுகிறது. சூட்டில் முதலில் ஓடிப்போவது பழவாசனை. பழம் போனால் மிஞ்சுவது புளிப்பு. அவர் சொன்னதும் அதுதானே?

எட்டு மாதம் கழித்து அடுத்த சரக்கு வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். லேபிளில் 'எக்ஸ்ட்ரா' இல்லை, வெறும் 'ப்ரூட்'. அதே அறுவடை, அதே ஒயின், பிறகு வண்டல் நீக்கியது. டோசாஜ் 7 கிராம். கூடவே மின்னஞ்சல்: சிங்கப்பூரில் குடித்துப் பார்த்த பிறகு தன் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டதாகவும், என் உதவிக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்.

நன்றி!

இதில் இன்னொரு சங்கடம், புது ஒயின் நன்றாக விற்கிறது. முன்பு ஒரு கோப்பைக்கு மேல் குடிக்காதவர்கள் இப்போது பாட்டிலாகக் கேட்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் மூன்று பெட்டி வாங்கிப்போனது, முறுக்கோடு நன்றாக இருக்கிறதாம். எனக்கும் பிடித்திருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படியானால் நான் கெடுத்ததா, நல்லது செய்ததா? நல்லதாகவே முடிந்தாலும் அவர் என்னிடம் கேட்டது ஒரு தகவல். அதை நான் தரவில்லை. ஒரு மனிதர் தன் மலையைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தை என் லாரி மாற்றியிருக்கலாம். மாற்றாமலும் இருந்திருக்கலாம். அவருக்கு அந்த 'இருக்கலாம்' கூடக் கிடைக்கவில்லை.

அம்மா உறவினர்களிடம் நான் 'திராட்சை வியாபாரம்' பார்ப்பதாகத்தான் சொல்லுவார். அதுவும் வார்த்தைக்கு வார்த்தை உண்மை. இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

பழைய சரக்கில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. லாரியில் வராமல், அதற்கு முன் மாதிரிக்காக விமானத்தில் வந்த ஒன்றும் கிடங்கில் இருந்தது. போன மாதம் இரண்டையும் திறந்தேன். எனக்கு எது எது என்று தெரியும், அதனால் என் நாக்கை நம்ப முடியாது. அண்ணனைக் கூப்பிட்டேன். குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பாருங்கள் என்றேன். இரண்டு கோப்பையையும் மாற்றி மாற்றி மோந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. ராத்திரி ஆட்டி வெச்ச மாவு வாடை."

அது ஈஸ்ட் வண்டலின் வாடை. மிகச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும், "அன்னிக்கு அட்டை சுட்டுச்சே, ஞாபகம் இருக்காண்ணே?" என்று கேட்கவில்லை.

இப்போது குளிர்லாரி இல்லாமல் எந்தச் சரக்கையும் எடுப்பதில்லை. கதவு திறந்ததும் நானே போய் அட்டையைத் தொட்டுப் பார்க்கிறேன். அண்ணன் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து காத்திருக்கிறார். சுடுகிறதா, இல்லையா என்று அவர் இப்போதெல்லாம் சொல்வதில்லை.